ஜப்பானிய, கொரிய உணவகத்தில் முதல்முறை: என்ன ஆர்டர் செய்வது?

ஜப்பானிய உணவகத்துக்கோ கொரிய உணவகத்துக்கோ முதன்முதலாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அச்சங்களோடு உள்ளே நுழைகிறார்கள். ஜப்பானிய உணவு என்றால் பச்சை மீன், கொரிய உணவு என்றால் கண்ணீர் வரவழைக்கும் காரம் என்பவை அந்த அச்சங்கள். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. ஜப்பானியர் அன்றாடம் உண்பதில் பெரும்பகுதி வேகவைத்தது, சுட்டது, பொரித்தது. கொரியாவிலும் மிளகாய் துளியும் சேராத உணவுகள் ஏராளம் உண்டு. மிளகாய் அந்த நாட்டுக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான் வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்பே அங்கே ஒரு முழுமையான சமையல் இருந்தது, இன்றும் இருக்கிறது.

முதல்முறை போகிறவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. ஜப்பானிய உணவகத்தில் அவரவர் தமக்கு ஆர்டர் செய்கிறார். கொரிய உணவகத்தில் மேசைக்கு ஆர்டர் செய்கிறார்கள். ஜப்பானில் உங்கள் சோறு, உங்கள் சூப், உங்கள் மீன், உங்கள் ஊறுகாய் என்று எல்லாம் அளவாக ஒரு தட்டத்தில் வந்து உங்கள் முன்னால் அமரும். கொரியாவில் நடுவில் ஒரு சட்டி கொதிக்கும் அல்லது அடுப்பு எரியும். சுற்றிலும் சிறு கிண்ணங்கள் நிறையும். எல்லாரும் எல்லாவற்றிலிருந்தும் எடுப்பார்கள். இது தெரியாமல் நான்கு பேர் கொரிய உணவகத்தில் ஆளுக்கொரு பெரிய சட்டி வரவழைத்துவிட்டுத் திணறுவதையும், ஜப்பானிய உணவகத்தில் ஒரு கிண்ணம் ராமென் நூடுல்ஸ் சூப்பை மூன்று பேர் பங்குபோடப் பார்ப்பதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பெயரைப் பிரித்துப் படிக்கலாம்

மெனுவில் இருக்கும் பெயர்கள் முதலில் மிரட்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சமையல் முறையையே சுருக்கிச் சொல்லும் கூட்டுச் சொற்கள். ஜப்பானியத்தில் 'யாகி' என்றால் சுட்டது அல்லது வாட்டியது, 'அகே' என்றால் பொரித்தது. 'தோரி' கோழி, 'கியூ' மாட்டிறைச்சி, 'எபி' இறால், 'தமாகோ' முட்டை, 'யசாய்' காய்கறி. பெயரின் தொடக்கத்தில் 'தொன்' வந்தால் பன்றி இறைச்சி என்று கொள்ளுங்கள்: தொன்கத்சு என்பது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பன்றித் துண்டு, தொன்கோத்சு என்பது பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுக்கும் வெண்ணிறச் சாறு. பெயரின் முடிவில் 'தோன்' வந்தால் அது பெரிய கிண்ணத்தில் சோற்றை இட்டு அதன்மேல் கறியையோ பொரியலையோ பரப்பித் தருவது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், முன்னால் வந்தால் பன்றி, பின்னால் வந்தால் கிண்ணம் என்று நான் நினைவில் வைத்துக்கொண்டேன். கத்சுதோன் மட்டும் இந்த விதிக்கு அடங்காது. அதில் கிண்ணமும் உண்டு, பன்றியும் உண்டு.

கொரிய மொழியில் 'பாப்' சோறு, 'மியோன்' நூடுல்ஸ், 'குக்', 'தாங்' இரண்டும் சூப், 'ஜிகே' அதைவிடக் கெட்டியாகக் கொதித்த குழம்பு, 'ஜோன்' மாவோடு சேர்த்துத் தட்டையாகச் சுட்டது, 'பொக்கும்' வதக்கியது. 'தாக்' கோழி, 'தெஜி' பன்றி, 'ஹெமுல்' கடலுணவு, 'கோகி' பொதுவாக இறைச்சி. 'புல்' என்றால் நெருப்பு. புல்கோகி என்ற பெயருக்கு நெருப்பிறைச்சி என்று பொருள் வந்தாலும் அதில் நெருப்பு அடுப்போடு நின்றுவிடுகிறது. உண்மையில் அது இனிப்பும் உப்பும் கலந்த சாதுவான உணவு. புல்தாக்கில் கதை தலைகீழ். நேராகத் தமிழாக்கினால் நெருப்புக்கோழி என்று வரும். பறவை சாதாரணக் கோழிதான், நெருப்பு முழுவதும் மிளகாயில் இருக்கிறது. முதல் நாளில் அதைத் தொட வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: ஆங்கில மெனுக்களில் ஐஸ்கிரீம் சண்டேயின் அதே எழுத்துகளோடு காணப்படும் கொரிய 'சுண்டே', பன்றிக் குடலில் இரத்தமும் சேமியா போன்ற நூடுல்ஸும் அடைத்து அவித்தது. இனிப்பு என்று நினைத்து வரவழைத்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

சாற்றுக்குள் ஒளிந்திருக்கும் மீன்

சைவ உணவு மட்டும் உண்பவர்கள் ஆர்டர் செய்வதற்கு முன் இந்தப் பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் 'தாஷி' எனப்படும் தெளிந்த சாறு. கொம்பு என்ற காய்ந்த கடற்பாசியையும், சூரை மீனை அவித்துப் புகையூட்டி மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி மெல்லிய சீவலாகச் சீவிய கத்சுவோபுஷியையும் வெந்நீரில் சிறிது நேரம் இட்டு வடிகட்டினால் தாஷி கிடைக்கும். 1908ஆம் ஆண்டில் கிகுனாயே இகேதா என்ற டோக்கியோ வேதியியல் பேராசிரியர் கொம்புச் சாற்றை ஆராய்ந்து, அதன் சுவைக்குக் காரணம் குளூட்டமிக் அமிலம் என்று கண்டறிந்து, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அந்த உமாமிக்காகத்தான் நொதித்த சோயா விழுதான மிசோவைக் கரைத்த மிசோ சூப்பிலும், உடோன் நூடுல்ஸின் குழம்பிலும், மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவைத் தொட்டு உண்ணும் சாற்றிலும், காய்கறிப் புழுக்கலிலும்கூடத் தாஷி சேர்க்கிறார்கள். ஆகவே கண்ணுக்கு மீனே தெரியாத ஒரு கிண்ணத்திலும் மீன் கரைந்திருக்கும்.

ஒசாகாவில் ஒரு சிறிய கடையில் இறைச்சியும் மீனும் வேண்டாம், காய்கறி போதும் என்று சொல்லி ஒகோனோமியாகி வரவழைத்தேன். முட்டைக்கோஸை மாவிலும் முட்டையிலும் கலந்து இரும்புத் தகட்டில் சுடும் தடித்த அடை அது. கடைக்காரர் சொன்னபடியே இறைச்சி சேர்க்காமல் சுட்டு, பழுப்புச் சாஸைப் பூசி, கடைசியில் கைநிறைய இளஞ்சிவப்புச் சீவல்களை மேலே தூவி என் முன்னால் தள்ளினார். அடையிலிருந்து எழுந்த ஆவியில் அந்தச் சீவல்கள் உயிருள்ளவைபோல நெளிந்து அசைந்துகொண்டிருந்தன. கத்சுவோபுஷி. அவர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது மீன் இல்லை, வாசனைக்குத் தூவும் பொருள். மாவைக் கரைத்ததே தாஷியில்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனவே "சைவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், சாற்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். "சகானா நோ தாஷி வா ஹைத்தேமாஸ் கா" என்றால் மீன் சாறு சேர்ந்திருக்கிறதா என்று பொருள். காய்கறி டெம்புராவைச் சாறு இல்லாமல் உப்போடு கேட்கலாம், ஆனால் மாவில் முட்டை இருக்கக்கூடும். வெள்ளரிக்காயை வைத்துச் சுருட்டிய கப்பா மகி, அவகாடோ சுருள், உப்பிட்டு அவித்த பச்சைச் சோயா அவரையான எதமாமே ஆகியவை நம்பத்தக்கவை. முழுச் சைவ விருந்து வேண்டும் என்றால் பௌத்த மடங்களின் 'ஷோஜின் ரியோரி' இருக்கிறது; கோயா மலையிலும் கியோட்டோவிலும் அதைப் பரிமாறும் மடங்கள் உண்டு. அங்கே தாஷியைக் கொம்பையும் காய்ந்த ஷீதாக்கே காளானையும் கொண்டு எடுக்கிறார்கள்.

கொரியாவில் சூரைக்குப் பதில் நெத்திலி. குழம்புகள் பலவற்றுக்கும் காய்ந்த நெத்திலியும் கடற்பாசியும் சேர்ந்த சாறுதான் அடிப்படை. முட்டைக்கோஸையோ முள்ளங்கியையோ நொதிக்கவைத்த ஊறுகாயான கிம்சியிலும் பெரும்பாலும் உப்பிட்டு நொதிக்கவைத்த பொடி இறாலோ மீன் சாற்றோ கலந்திருக்கும். "கோகி ப்பே ஜுசேயோ", அதாவது இறைச்சியை நீக்கித் தாருங்கள், என்று சொல்லலாம்; எனினும் ஹாமையும் மீன் அப்பத்தையும் பலர் 'கோகி' என்ற கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் அவற்றைத் தனியே சொல்ல வேண்டும். சோற்றின்மேல் காய்கள் அடுக்கி வரும் பிபிம்பாப்பை இறைச்சியும் முட்டையும் இல்லாமல் கேட்பதே எளிய வழி. கொரிய மடங்களின் உணவில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது.

மது சேர்ந்த உணவைத் தவிர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிரின் எனப்படும் இனிப்பு அரிசி மதுவும், சாக்கே என்ற அரிசி மதுவும் ஜப்பானியச் சமையலில் மிகச் சாதாரணமாகப் பயன்படுகின்றன.

ஜப்பானிய உணவகத்தில்

முதல் நாளில் சுஷிக் கடையைத் தவிர்த்துவிட்டு, 'தெய்ஷொகு' தரும் இடத்துக்குப் போங்கள் என்பது என் பரிந்துரை. தெய்ஷொகு என்பது சோறு, மிசோ சூப், ஒரு முதன்மை உணவு, ஊறுகாய் ஆகியவை அடங்கிய முழுச் சாப்பாடு. ஜப்பானியர் வீட்டில் எப்படி உண்கிறார்கள் என்பதை ஒரே தட்டத்தில் காட்டுவது இதுவே. முதன்மை உணவாக உப்பிட்டுச் சுட்ட கானாங்கெளுத்தியையோ, சோயாவிலும் இஞ்சியிலும் ஊறவைத்துப் பொரித்த கோழியான கராகேயையோ தேர்ந்துகொள்ளலாம். மிசோ சூப்பைக் கரண்டி தேடாமல் கிண்ணத்தைக் கையில் தூக்கி வாய்வைத்துக் குடியுங்கள். உள்ளே இருக்கும் டோஃபுவையும் கடற்பாசியையும் குச்சியால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணச் சோறு வகையில் ஓயாகோதோன் முதல்முறைக்கு மிகப் பொருத்தமானது. கோழித் துண்டுகளையும் வெங்காயத்தையும் இனிப்பும் சோயாவும் கலந்த சாற்றில் வேகவைத்து, அடித்த முட்டையை மேலே ஊற்றி, அது முழுதும் இறுகுவதற்கு முன்பே சோற்றின்மேல் சரித்துவிடுவார்கள். ஓயா என்றால் பெற்றோர், கோ என்றால் குழந்தை. கோழியும் முட்டையும் ஒரே கிண்ணத்தில் இருப்பதால் அந்தப் பெயர். கொஞ்சம் கொடூரமான நகைச்சுவைதான், சுவை என்னவோ மென்மையானது. முட்டை பாதி இளகியிருப்பதே அதன் பக்குவம் என்பதால், வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

ஒன்றும் பிடிபடாத நாளில் கைகொடுப்பது 'கரே ரைசு'. மெய்ஜி பேரரசரின் காலத்தில் (1868–1912) ஆங்கிலேயர் வழியாக ஜப்பானுக்குப் போன கறிக் குழம்பு அங்கே கெட்டியாகவும் இனிப்பாகவும் மாறிவிட்டது. காரத்தை 'அமகுச்சி', 'சூகரா', 'கரகுச்சி' என்று மென்மையிலிருந்து கடுமைவரை தேர்ந்தெடுக்கலாம். காரத்துக்குப் பழகிய நாக்குக்கு மூன்றாவதுகூட இதமாகவே இருக்கும்.

நூடுல்ஸ் கடைகளில் வாசலிலேயே சீட்டு இயந்திரம் நிற்கும். பணத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைச் சமையற்காரரிடம் நீட்ட வேண்டும். எதுவும் படிக்கத் தெரியாவிட்டால் மேல் வரிசையில் இடது ஓரப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலும் அந்தக் கடையின் பெயர்பெற்ற உணவு அங்கேதான் இருக்கும். ராமெனில் சோயா சார்ந்த 'ஷோயு'வில் தொடங்கி, பிறகு சப்போரோ நகரம் புகழ்பெறச் செய்த மிசோ ராமெனுக்கும், அதன்பின் ஃபுகுவோகாவின் தொன்கோத்சுவுக்கும் போவது நல்ல வரிசை. தொன்கோத்சுவின் வாடையும் கொழுப்பும் பழகாதவர்களுக்குத் திகட்டும். பன்றி இறைச்சி உண்ணாதவர்களுக்கு ராமென் கடையே ஏற்ற இடமல்ல, ஏனெனில் சோயா என்றும் உப்பு என்றும் சொல்லப்படும் சாறுகளுக்குள்ளும் பன்றி எலும்பு இருக்கக்கூடும். அவர்கள் உடோன் கடைக்குப் போகலாம். தடித்த வெள்ளைக் கோதுமை நூடுல்ஸின்மேல் மெல்லியதாகப் பொரித்து இனிப்பாக வேகவைத்த டோஃபுவைப் போட்டுத் தரும் 'கித்சுனே உடோன்' அங்கே கிடைக்கும். நூடுல்ஸை உறிஞ்சும் சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சுற்றி இருக்கும் எல்லாரும் அதையே செய்துகொண்டிருப்பார்கள்.

கோடைக்காலத்தில் 'சாரு சோபா' கேளுங்கள். பக்வீட் மாவில் செய்த நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசி மூங்கில் தட்டில் வைத்து, ஒரு சிறு கோப்பையில் அடர்ந்த சாற்றைத் தருவார்கள். நூடுல்ஸின் நுனியை மட்டும் சாற்றில் தோய்த்து உண்ண வேண்டும். இறுதியில் சோபா வெந்த வெந்நீரை ஒரு கூஜாவில் கொண்டுவந்து வைப்பார்கள். மீந்த சாற்றில் அதை ஊற்றிக் குடிப்பது வழக்கம். பக்வீட் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சோபா கடுமையான கேடு விளைவிக்கும். கொரியாவின் குளிர்ந்த நெங்மியோன் நூடுல்ஸிலும் அதே தானியம் உண்டு என்பதை அவர்கள் மறக்கக் கூடாது.

இனி சுஷி. சுஷி என்ற பெயர் பச்சை மீனைக் குறிப்பதில்லை. வினிகர் கலந்த சோற்றைக் கொண்டு செய்வதெல்லாம் சுஷி. சோறே இல்லாமல் பச்சை மீன் துண்டுகளை மட்டும் தந்தால் அது சஷிமி. ஆகவே வெந்த பொருள்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பச்சைக்குப் போகலாம். முதலில் இனிப்பான முட்டை அடையைச் சோற்றின்மேல் வைத்த தமாகோ, பிறகு அவித்த இறால், அதன்பின் சாஸ் பூசிச் சுட்ட விலாங்கான உனாகி. இந்த மூன்றும் இறங்கிவிட்டால் பச்சைச் சால்மனைக் கேளுங்கள். வாடை குறைந்த, வெண்ணெய்போல் வழுக்கும் மீன் அது. ஜப்பானியரே சால்மனைச் சுஷியில் பச்சையாக உண்ணப் பழகியது 1980களில் நார்வே நாட்டவர் தங்கள் மீனை அங்கே விற்கப் பெருமுயற்சி எடுத்த பிறகுதான். எனவே இதில் அவர்களும் ஓரளவுக்குப் புதியவர்களே. அடுத்ததாகச் சூரையின் கொழுப்பற்ற செந்நிறப் பகுதியான அகாமி. கடல் முள்ளெலி, மீன் முட்டை போன்றவற்றை இன்னொரு நாளுக்கு விட்டுவிடலாம்.

இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கச் சுழல்பட்டைச் சுஷிக் கடையே வசதியானது. 1958ஆம் ஆண்டில் ஒசாகா வட்டாரத்தில் யோஷியாகி ஷிராயிஷி என்பவர் மதுபான ஆலையின் நகரும் பட்டையைப் பார்த்துத் தொடங்கிய முறை அது. இரண்டிரண்டு துண்டுகளாகத் தட்டுகள் வரும், படத்தைப் பார்த்துத் திரையிலும் ஆர்டர் செய்யலாம், தட்டுகளை எண்ணிப் பணம் வாங்குவார்கள். மூக்கில் ஏறும் காரமுள்ள பச்சை விழுதான வசாபி வேண்டாம் என்றால் "சாபி நுகி" என்று சொல்லுங்கள். மேசையில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அது கை கழுவுவதற்கல்ல, பச்சைத் தேநீர்த் தூளில் ஊற்றுவதற்கான கொதிநீர். ஒருமுறை விரலைக் கொடுத்துவிட்டு இதைக் கற்றேன்.

சோற்றுப் பிடியின்மேல் மீன் துண்டை வைத்த நிகிரிச் சுஷியைக் கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம். சாய்த்துப் பிடித்து, மீன் இருக்கும் பக்கத்தை மட்டும் சோயா சாஸில் லேசாகத் தொட்டு, ஒரே வாயில் போட வேண்டும். சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தால் அது உதிர்ந்து சாஸில் மிதக்கும், உப்பும் அதிகமாகிவிடும். ஓரத்தில் இருக்கும் ஊறவைத்த இஞ்சியை மீனோடு சேர்த்து உண்பதில்லை. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வாயைத் தூய்மையாக்கிக்கொள்ள அதில் ஒரு துண்டு போதும்.

'இசகயா' என்ற மாலைநேர மதுக்கூடங்களில் மட்டும் ஜப்பானியர்களும் கொரியர்களைப்போல மேசைக்கு ஆர்டர் செய்கிறார்கள். கோழியைக் குச்சியில் கோத்துக் கரியில் வாட்டிய யாகிதோரி, எதமாமே, கராகே என்று நடுவில் வைத்துப் பகிரலாம். கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணம் முதலில் வரும். அதற்குப் பெயர் 'ஒதோஷி'. அது இலவசமல்ல. இருக்கைக் கட்டணம் போன்றது, தலைக்குச் சில நூறு யென் கணக்கில் சேரும். தாகோயாகி என்ற ஆக்டோபஸ் உருண்டைகளை வரவழைத்தால், வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே கூழ் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதால் குச்சியால் பிளந்து ஆவியை விட்டபின் உண்ணுங்கள். நாத்தோ என்ற நூல்விடும் நொதித்த சோயாவை முதல் நாளில் வீரத்துக்காகக் கேட்க வேண்டாம்.

கொரிய உணவகத்தில்

உட்கார்ந்ததும், நீங்கள் கேட்பதற்கு முன்பே நான்கைந்து சிறு தட்டுகள் வந்துவிடும். கிம்சி, முளைகட்டிய சோயா, கீரை, சிறு மீன் வறுவல், முள்ளங்கி. இவற்றுக்குப் 'பாஞ்சான்' என்று பெயர். ஒதோஷிக்கு வாங்குவதுபோல் இதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. தீர்ந்தால் "பாஞ்சான் தோ ஜுசேயோ" என்று கேட்டு மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதை மீதம் வைக்காதிருப்பதே நாகரிகம். கிம்சியில் காரம் அஞ்சுபவர்கள் மிளகாய்த்தூள் சேராத வெள்ளைக் கிம்சியான 'பேக் கிம்சி' இருக்கிறதா என்று கேட்கலாம். குளிர்காலத்துக்கு முன் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி மொத்தமாகக் கிம்சி போடும் 'கிம்ஜாங்' வழக்கத்தையும், ஜப்பானிய உணவு மரபான வாஷொகுவையும் யுனெஸ்கோ ஒரே ஆண்டில், 2013இல், பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தனியாகப் போகிறவருக்குப் பிபிம்பாப்பே முதல் தேர்வு. பல நிறக் காய்களும் முட்டையும் சோற்றின்மேல் அடுக்கி வருவதால் படம் எடுக்கத் தோன்றும். ஆனால் 'பிபிம்' என்றாலே பிசைதல் என்றுதான் பொருள், எனவே தயங்காமல் கலைத்துவிடுங்கள். 'தொல்சொத்' என்ற சொல் முன்னால் இருந்தால் கொதிக்கும் கல் சட்டியில் வரும். அதை உடனே கிளறாமல் ஓரிரு நிமிடம் விட்டால் அடியில் சோறு சடசடவென்று பொரிந்து காந்தலாகும். அந்தக் காந்தலைச் சுரண்டி உண்பதற்காகவே கல் சட்டியைக் கேட்பவர்கள் பலர். சட்டியை மட்டும் கையால் தொடாதீர்கள். மிளகாயும் நொதித்த சோயாவும் சேர்ந்த சிவப்பு விழுதான கொச்சுஜாங்கைத் தனியே கேட்டு வாங்கி, அரைக் கரண்டியில் தொடங்கி நாக்குக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கொரியக் காரத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. கொச்சுஜாங்கில் இனிப்பும் கலந்திருப்பதால் முதல் வாயில் ஒன்றும் தெரியாது; நான்காவது, ஐந்தாவது வாயில்தான் ஏறும். தொக்போக்கியில் இதைத் தெளிவாக உணரலாம். அரிசி மாவில் செய்த, இழுபடும் உருளைத் துண்டுகள் செந்நிறக் குழம்பில் மிதக்கும் தெருவோர உணவு அது. "தோல் மேப்கே ஹெ ஜுசேயோ" என்றால் காரத்தைக் குறைத்துத் தாருங்கள் என்று பொருள். ஆனால் ஏற்கெனவே பெரிய தட்டில் கொதித்துக்கொண்டிருக்கும் தொக்போக்கியிடம் இந்த வாக்கியம் செல்லாது. காரமே வேண்டாதவர்கள் சோயா சாஸில் செய்த 'குங்ஜுங் தொக்போக்கி' கிடைத்தால் அதை எடுக்கலாம். சர்க்கரைவள்ளி மாவு நூடுல்ஸைக் காய்களோடு வதக்கிய ஜாப்சேயும், நல்லெண்ணெய் தடவிய சோற்றைக் கடற்பாசித் தாளில் சுருட்டிய கிம்பாப்பும் குழந்தைகளுக்கும் ஏற்றவை. கிம்பாப் பார்வைக்குச் சுஷிபோல் இருந்தாலும் அதன் சோற்றில் வினிகர் இல்லை, உள்ளே பொதுவாகப் பச்சை மீனும் இருக்காது.

சூப் வகையில் சொல்லோங்தாங் பற்றிச் சற்று விளக்க வேண்டும். மாட்டெலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்த பால்போன்ற சூப் அது. உப்பே போடாமல் கொண்டுவந்து வைப்பார்கள். முதல் கரண்டியில் "இதில் ஒன்றுமே இல்லையே" என்று தோன்றும். மேசைமேல் இருக்கும் உப்பையும் நறுக்கிய வெங்காயத் தாளையும் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். கூடவே முள்ளங்கிக் கிம்சியைக் கடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அதன் அருமை தெரியும். இளங்கோழிக்குள் பசையரிசியும் மருந்து வேரான ஜின்செங்கும் இலந்தையும் பூண்டும் அடைத்து வேகவைத்த சம்கேதாங்கும் அப்படியே. கொளுத்தும் கோடையின் 'போக்' நாள்களில் கொரியர்கள் வரிசையில் நின்று சாப்பிடும் அந்தச் சூப்பில் மிளகாய் கிடையாது.

இரண்டு பேருக்கு மேல் இருந்தால் மேசையிலேயே இறைச்சி வாட்டும் கடைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இங்கேதான் 'மேசைக்கு ஆர்டர்' என்பதன் பொருள் முழுமையாக விளங்கும். ஒரே வகை இறைச்சியில் குறைந்தது இரண்டு பங்கு கேட்க வேண்டும் என்பது பெரும்பாலான கடைகளின் விதி. ஒரு பங்குக்காக அடுப்பு மூட்டமாட்டார்கள். மூன்று பேர் என்றால் முதலில் ஒரு வகையில் இரண்டு பங்கும், அது தீர்ந்தபின் இன்னொரு வகையும் கேட்பது நல்லது. 'சம்க்யோப்சால்' பன்றி வயிற்றுப் பகுதியின் மூன்றடுக்கு இறைச்சி. மசாலா ஏதும் தடவாமல் வரும். 'கால்பி' விலா இறைச்சி. சோயா, பேரிக்காய்ச் சாறு, பூண்டு, நல்லெண்ணெய் ஆகியவற்றில் ஊறியது. ஊறவைத்ததில் சர்க்கரை இருப்பதால் தகடு கரிந்துவிடும். எனவே முதலில் ஊறவைக்காததை வாட்டுவதே முறை.

வாட்டும்போது அடிக்கடி புரட்ட வேண்டாம். கீழ்ப்பக்கம் பொன்னிறமானதும் இடுக்கியால் புரட்டி, மேசையில் வைத்திருக்கும் கத்தரிக்கோலால் வாய்க்கு அடங்கும் துண்டுகளாக வெட்டுங்கள். தடுமாறினால் பணியாளரே வந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொள்வார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கையில் ஒரு லெட்டூஸ் இலையை விரித்து, அதன்மேல் ஒரு பெரில்லா இலை, நல்லெண்ணெயில் தொட்ட ஒரு துண்டு இறைச்சி, வாட்டிய பூண்டு ஒரு பல், சோயாவும் மிளகாயும் சேர்ந்த 'சம்ஜாங்' விழுது கடலை அளவு, விரும்பினால் சிறிது சோறு. பொட்டலமாக மடித்து ஒரே வாயில் போட வேண்டும். கடித்துப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டால் எல்லாம் முழங்கைவரை ஒழுகும். அதனால் ஆசைப்பட்டு நிறைய அடைக்காதீர்கள்.

இறைச்சி முடியும் தறுவாயில் பணியாளர் வந்து "சாப்பாடு என்ன?" என்று கேட்பார். இவ்வளவு நேரம் உண்டது என்னவாம் என்று திகைக்க வேண்டாம். கொரியக் கணக்கில் சோறோ நூடுல்ஸோ வந்தால்தான் சாப்பாடு. பனிக்கட்டி மிதக்கும் சாற்றில் வரும் நெங்மியோனோ, சோயா விழுதுக் குழம்பான தொயென்ஜாங் ஜிகேயும் சோறுமோ கேட்கலாம். கொழுப்பு நிறைந்த இறைச்சிக்குப் பின் முதலாவது மிக இதமாக இருக்கும். நெங்மியோனின் பெயருக்கு முன் 'முல்' என்று இருந்தால் அது குளிர் சாற்றில் வரும், 'பிபிம்' என்று இருந்தால் கார விழுதில் பிசைந்து உண்பது.

கொரியப் பொரித்த கோழி அறிமுகமே தேவைப்படாதது. வெறும் பொரியலும் இனிப்புக் கார விழுது தடவியதும் பாதிப் பாதி வேண்டும் என்றால் "பான்பான்" என்று சொன்னால் போதும். சோயா சாஸில் ஊறிய பச்சை நண்டு, பச்சை மாட்டிறைச்சியான யுக்கே, கடுநெடி வீசும் சொங்குக்ஜாங் குழம்பு ஆகியவை நான்காவது, ஐந்தாவது முறைக்கானவை.

குச்சியும் கணக்கும்

இரண்டு நாடுகளிலும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது; அது இறந்தவர்களுக்குப் படைப்பதை நினைவூட்டும். ஜப்பானில் ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது. இறந்தவரை எரித்தபின் எலும்பை எடுக்கும் சடங்கில்தான் அப்படிச் செய்வார்கள். ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கி உண்பது நல்ல பழக்கம். கொரியாவில் கிண்ணத்தை மேசையிலேயே வைத்துச் சோற்றைக் கரண்டியால் உண்பதுதான் முறை. குச்சியும் கரண்டியும் மேசையில் காணவில்லை என்றால் கொரியக் கடையில் மேசையின் பக்கவாட்டில் ஓர் இழுப்பறை இருக்கிறதா என்று பாருங்கள்.

பணியாளர் தாமாக வருவார் என்று காத்திருக்க வேண்டாம். கொரிய மேசையில் அழைப்பு மணி இருந்தால் அழுத்துங்கள், இல்லையென்றால் "ஜோகியோ" என்று குரல் கொடுங்கள், ஜப்பானில் "சுமிமாசென்". பணத்தை இரு நாடுகளிலும் பெரும்பாலும் வாசலருகே உள்ள கல்லாவில் செலுத்த வேண்டும். மேசையில் சீட்டு வைத்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள். மேற்கொண்டு அன்பளிப்பாகக் காசு வைக்கும் வழக்கம் இல்லை; வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக ஜப்பானில் "கோச்சிசோசாமா தேஷ்தா" என்றும், கொரியாவில் "ஜால் மொகொஸ்ஸும்னிதா" என்றும் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். உச்சரிப்பு பிசகினாலும் கல்லாவில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.